கித்தாரில் தோடி வருமா? மெட்டுகளைப் பெயர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜொகூர் பாருவிலோ, மூவாரிலோ, குளுவாங்கிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் வீணை இருப்பது அரிது. கித்தார் இருப்பது சாதாரணம். பள்ளி விழாவுக்காக வாங்கியதாக இருக்கலாம்; அண்ணன் வாசித்துவிட்டுத் தம்பிக்குக் கொடுத்ததாக இருக்கலாம். அதே பிள்ளை வாரக் கடைசியில் பாட்டு வகுப்புக்கும் போகிறது. ஒரு நாள் வகுப்பில் படித்த வர்ணத்தைக் கித்தாரில் வாசித்துப் பார்க்கிறது. ஸ்வரங்கள் எல்லாம் வருகின்றன. ராகம் மட்டும் வருவதில்லை.

"மாஸ்டர், கித்தாரில் தோடி வருமா?" என்று பிள்ளை கேட்கிறது. "அது மேற்கத்திய வாத்தியம், அதில் நம் சுருதி கிடையாது" என்பது வழக்கமான பதில். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. இணையத்தில் தேடினால், கித்தாரின் மெட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு இடத்தில் பதிக்கும் காணொளிகள் எத்தனையோ கிடைக்கின்றன. கொறடைக் கையில் எடுப்பது எளிது. மரத்தில் ஒரு முறை அறுத்த பள்ளம் மறுபடி மூடினாலும் தழும்பாகவே நிற்கும்.

அப்படியானால் கித்தாரின் மெட்டுகளை மாற்றலாமா? மாற்றினால் எத்தனை மெட்டுகளை? எதற்காக? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் வேலையில் இறங்கினால், இருந்த கித்தாரும் போய், வர வேண்டிய ராகமும் வராமல் போகும்.

மெட்டு என்ன செய்கிறது?

மெட்டு என்றால் இங்கே பாட்டின் மெட்டு அல்ல. வீணையிலும் கித்தாரிலும் விரற்பலகையின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளையே வாத்தியக்காரர்கள் மெட்டு என்பார்கள். கித்தார் கடைகளில் இதற்கு ஃப்ரெட் என்று பெயர். விரல் தந்தியை அழுத்தியதும் தந்தி மெட்டின் மேல் படிகிறது. அதிரும் நீளம் குறைகிறது. ஒலி உயர்கிறது. மெட்டு எங்கே நிற்கிறதோ, ஸ்வரமும் அங்கேதான் நிற்கும்.

கித்தாரில் கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை 12 மெட்டுகள் இருக்கின்றன. இந்தப் 12 படிகளும் சரிசமமான படிகள். கித்தார் செய்பவர் தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்து முதல் மெட்டை வைப்பார். மிச்சமுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்து இரண்டாவது மெட்டை வைப்பார். 12ஆவது மெட்டு சரியாகப் பாதி நீளத்தில் வந்து நிற்கும். எந்த ஸ்வரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டாலும் எல்லாப் படிகளும் ஒன்று போலவே கேட்க வேண்டும் என்பதற்காக மேற்கத்திய இசை செய்துகொண்ட ஏற்பாடு இது.

நம் இசையில் சட்ஜம் இடம் மாறுவதில்லை. தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு சட்ஜத்தோடு எந்த ஸ்வரம் இழைந்து சேருகிறதோ, அதுவே சுத்தமான ஸ்வரம். அப்படிச் சேரும் இடங்கள் எளிய பின்னங்களில் கிடைக்கின்றன. தந்தியின் நீளத்தில் கால் பங்கைக் குறைத்தால் சுத்த மத்யமம். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் பஞ்சமம். ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் அந்தர காந்தாரம்.

இப்போது கித்தாரை அளந்து பார்க்கலாம். தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்று கொள்வோம். தலைப்பக்கம் தந்திகள் ஏறி இறங்கும் சிறு கட்டையை வீணையில் மேரு என்பார்கள். அங்கிருந்தே எல்லா அளவும் தொடங்க வேண்டும். பஞ்சமத்துக்கான 7ஆவது மெட்டு 216.2 மில்லிமீட்டரில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் 216.7. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. அந்தர காந்தாரத்துக்கான 4ஆவது மெட்டு 134.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் 130. நான்கு மில்லிமீட்டருக்கும் மேல் தள்ளி நிற்கிறது. தம்புராவோடு சேர்த்து வாசித்தால் இந்தக் காந்தாரம் கூர்மையாகக் குத்துவது பழகிய காதுக்கு உடனே தெரியும்.

ஆக, பிள்ளையின் காது சரியாகத்தான் சொல்கிறது. குறை இருப்பது உண்மை. மருந்து எது என்பதுதான் கேள்வி.

22 மெட்டுகள் வைத்தால் தீருமா?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் 22 சுருதிகளைச் சொல்கிறது. அப்படியானால் 12 மெட்டுகளுக்குப் பதில் 22 மெட்டுகள் வைத்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

சுருதி எத்தனை என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு முன்பே பெரிய விவாதமாக இருந்தது. தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 22 என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் தம் கருத்தை எடுத்துரைத்தார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலையும் வெளியிட்டார். எண்ணிக்கையில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை.

அறிஞர்கள் எண்ணிக்கொண்டிருக்க, வீணை செய்யும் ஆசாரிகள் என்ன செய்தார்கள்? தஞ்சாவூர் வீணையில் மெட்டுகள் 24. அது இரண்டு ஸ்தாயிகளுக்கு. அதாவது ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகளே. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்லப்படும் இந்த அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. கர்நாடக இசையின் அத்தனை ராகங்களும் கித்தாரில் இருக்கும் அதே எண்ணிக்கையான மெட்டுகளில்தான் வீணையில் பேசுகின்றன!

அப்படியானால் வித்தியாசம் எங்கே? இரண்டு இடங்களில்.

முதலாவது, வீணையின் மெட்டுகள் மரத்தில் பதித்தவை அல்ல. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து செய்த மெழுகுப் பாதையில் நிற்பவை. ஆசாரி தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, மெட்டை நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்துவார். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். ஆண்டுகள் ஓடி மெழுகு தேய்ந்தால் மறுபடி மேளம் கட்டலாம். கித்தாரின் மெட்டுக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. வீணைக் கலைஞர் மெட்டின் மேல் தந்தியை அழுத்துவதோடு நிறுத்துவதில்லை. பக்கவாட்டில் இழுக்கிறார். ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களை வரவழைக்கிறார். கமகம் பிறப்பது இந்த இழுப்பில்தான். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளலாம். இலக்கணத்தில் அது சாதாரண காந்தாரம். பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. ஆடும் ஸ்வரத்துக்கு எந்த இடத்தில் மெட்டு அடிப்பது? 22 அல்ல, 50 மெட்டுகள் வைத்தாலும் தோடி வராது. தந்தியை இழுக்கத் தெரிந்தால் 12 மெட்டுகளிலும் வரும்.

செய்து காட்டியவர்கள்

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2014இல் மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மேற்கத்திய மாண்டலினைத்தான் கையில் எடுத்தார். இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை அமைத்துக்கொண்டார். ராகத்தை விரல்களின் இழுப்பிலும் சறுக்கலிலும் வரவழைத்தார். கித்தாரில் சுகுமார் பிரசாத்தும், அவருக்குப் பின் கித்தார் பிரசன்னாவும் மெட்டுள்ள மின் கித்தாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்து காட்டியிருக்கிறார்கள்.

வெளிநாட்டவர் ஒருவரின் அனுபவமும் இங்கே பயன்படும். ஆங்கிலேயக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1970களில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவை நடத்தினார். அவர் அதில் வாசித்த கித்தாரில் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரம் குழிவாகச் சுரண்டப்பட்டிருந்தது. குழி இருந்தால் விரல் மரத்தில் உரசாது. வீணையைப் போலத் தந்தியைத் தாராளமாக இழுக்கலாம்.

வேறொரு வழியில் சென்றவர்களும் உண்டு. துருக்கியின் டோல்கஹான் சோகுலு 2008இல் மெட்டுகளை நகர்த்தக்கூடிய கித்தாரை வடிவமைத்தார். ஒவ்வொரு தந்திக்குக் கீழும் தனித்தனிச் சிறு மெட்டுகள். வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். 2014இல் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வடிவமைப்புப் போட்டியில் இது முதல் பரிசு பெற்றது. விஸ்வ மோகன் பட் மெட்டுகளையே நம்பாமல், தந்தியின் மேல் உலோகக் கோலைச் சறுக்கி வாசிக்கும் மோகன வீணையை உருவாக்கி 1994இல் கிராமி விருதும் பெற்றார். இந்த வழியைத் தமிழர்கள் முன்பே அறிவார்கள். கோட்டு வாத்தியம் என்னும் சித்திர வீணை மெட்டே இல்லாத வாத்தியம்தானே!

எந்த மெட்டை மாற்றுவது?

இழுத்து வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் ஒரு குறை மிஞ்சும். அதை ஒரே வரியில் சொல்லலாம். தந்தியை இழுத்தால் ஒலி ஏறும், இறங்காது.

இருக்க வேண்டிய இடத்தை விடச் சற்றுக் குறைவாக ஒலிக்கும் மெட்டு கெடுதல் செய்யாது. லேசாக இழுத்தால் சரியாகிவிடும். சற்றுக் கூடுதலாக ஒலிக்கும் மெட்டை விரலால் திருத்த முடியாது. எனவே 12 மெட்டுகளில் எவை கூடுதல், எவை குறைவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்தாயியை 1200 பங்காகப் பிரித்து ஒரு பங்கைச் சென்ட் என்று அழைப்பது வழக்கம். கித்தாரின் சாதாரண காந்தாரம் 16 சென்ட் குறைவு. சுத்த தைவதம் 14 சென்ட் குறைவு. சுத்த ரிஷபமும் கைசிகி நிஷாதமும் குறைவுதான். இவற்றைத் தொட வேண்டாம். அந்தர காந்தாரம் 14 சென்ட் கூடுதல். சதுஸ்ருதி தைவதம் 16 சென்ட் கூடுதல். காகலி நிஷாதம் 12 சென்ட் கூடுதல். பிரதி மத்யமமும் 10 சென்ட் கூடுதல்தான். ஆனால் அது பெரும்பாலும் பஞ்சமத்தைத் தொட்டு அசைந்து வருவதால் அவ்வளவாக உறுத்தாது.

ஆகவே மாற்ற வேண்டியவை 4, 9, 11 ஆகிய மூன்று மெட்டுகள். மேல் ஸ்தாயிக் காந்தாரத்துக்காக 16ஆவது மெட்டையும் சேர்த்தால் நான்கு. 20 மெட்டுகள் உள்ள கித்தாரில் வேலை நான்கே நான்கு மெட்டுகளுக்கு!

அவற்றின் புதிய இடங்களும் எளிய பின்னங்களே. மேருவிலிருந்து அளந்தால், 4ஆவது மெட்டு தந்தி நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். 9ஆவது ஐந்தில் இரண்டு பங்கில். 11ஆவது பதினைந்தில் ஏழு பங்கில். 16ஆவது ஐந்தில் மூன்று பங்கில். 650 மில்லிமீட்டர் தந்தியில் இவை முறையே 130, 260, 303.3, 390 மில்லிமீட்டர். நான்குமே பழைய இடத்திலிருந்து மேருவை நோக்கி நகர்கின்றன. அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இறுகும் என்பதால் கடைசி முடிவைக் காதுதான் சொல்ல வேண்டும்.

சுருதி சேர்ப்பதில் ஒரு நிபந்தனை

கித்தாரின் மெட்டு ஆறு தந்திகளுக்கும் பொதுவானது. வழக்கமான சுருதியில் ஆறு தந்திகளும் வெவ்வேறு ஸ்வரங்களில் நிற்பதால், ஒரு தந்திக்குச் சரியான இடம் மற்றொன்றுக்குத் தவறாகும். வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கும் சட்ஜமும் பஞ்சமமும்தான். கித்தாரையும் அதற்கு அருகில் கொண்டுவர வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. தடித்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று சேர்ப்பது. டி சட்ஜமானால் இது ச, ப, ச, ம, ப, ச என்று ஆகும். அதாவது 2 கட்டைச் சுருதி. மாற்ற வேண்டியவை மூன்று தந்திகளே. மூன்றும் தளர்கின்றன, அதனால் இழுப்பதும் எளிதாகிறது. பஞ்சமத் தந்தியில் 4ஆவது மெட்டு காகலி நிஷாதமாகும். மத்யமத் தந்தியில் சதுஸ்ருதி தைவதமாகும். இரண்டும் புதிய இடத்தில் சுத்தமாகவே ஒலிக்கும். பஞ்சமத் தந்தியின் 2ஆவது மெட்டில் வரும் தைவதம் மட்டும் கூடுதலாகவே இருக்கும். அந்தத் தைவதத்தைச் சட்ஜத் தந்தியின் 9ஆவது மெட்டிலோ மத்யமத் தந்தியின் 4ஆவது மெட்டிலோ வாசித்துக்கொள்ளலாம்.

இந்தச் சுருதியை 1960களில் பரப்பியவர் பிரிட்டனின் டேவி கிரஹாம். மொரோக்கோவில் ஊது என்னும் அரபு வாத்தியத்தைக் கேட்டு, அதற்கு இசைவாக வாசிக்க அவர் கண்ட வழி இது. அந்த ஊதின் உறவுதான் ஜொகூர்க்காரர்கள் நன்கறிந்த காம்புஸ்.

முதலில் கட்டிப் பாருங்கள், பிறகு வெட்டுங்கள்

வேலையின் வரிசை முக்கியம். முதல் படியில் ஒரு மெட்டையும் தொட வேண்டாம். எஃகுத் தந்திக் கித்தாரில் மெல்லிய தந்திகளைப் போட்டு, மேலே சொன்ன சுருதியில் சேர்த்து, ஆறு மாதம் இழுத்து வாசித்துப் பழகட்டும். நைலான் தந்தியில் இழுப்புக்கு ஒலி அதிகம் ஏறாது. கமகத்துக்கு எஃகுதான் ஏற்றது. பலருக்கு இந்தப் படியிலேயே தேவை தீர்ந்துவிடும்.

இரண்டாவது படி சோதனை. விலை குறைந்த பழைய கித்தார் ஒன்றில் மெட்டுகளை எடுத்துப் பள்ளங்களை அடைத்துவிட்டு, 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள நைலான் தூண்டில் கயிற்றைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். இதுவே மெட்டு. பழைய ஐரோப்பிய லூட் வாத்தியத்தில் நரம்பை இப்படித்தான் கட்டினார்கள். கயிற்றை நகர்த்தி, தம்புரா ஒலியோடு கேட்டு, சரியான இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி சமபடிக் கணக்கையே காட்டும். அதில் அந்தர காந்தாரம் 14 சென்ட் குறைவாகக் காட்டினால்தான் அது சரி.

மூன்றாவது படிதான் உண்மையான மாற்றம். மெட்டை ஈயப் பற்றுக்கோலால் சூடாக்கி, ஒட்டுப்பசை இளகிய பின் கொறடால் மெல்லத் தூக்க வேண்டும். சூடாக்காமல் பிடுங்கினால் விரற்பலகை சில்லு சில்லாகப் பெயரும். பழைய பள்ளத்தை அதே நிற மரச் சீவலால் அடைக்க வேண்டும். புதிய பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர், அதற்கென்று உள்ள மெல்லிய வாளால் அறுக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் மேருவிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். பதித்த பின் உயரத்தைப் பக்கத்து மெட்டுகளோடு சமன் செய்யாவிட்டால் தந்தி இரையும். நல்ல கித்தாராக இருந்தால் இந்தப் படியைக் கித்தார் பழுது பார்ப்பவரிடம் விடுவதே நல்லது. குறித்து வைத்த அளவை மட்டும் கையோடு கொண்டு போகலாம்.

ஜொகூரின் தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கித்தாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு என்பார்கள். இங்கே வெளிக்காற்றில் அதைவிட மிக அதிகம். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் மரம் அசையும். வாசிக்கும் அறையிலேயே சில நாட்கள் வைத்திருந்து பிறகு அளக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் கித்தாரை விட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது. சூட்டில் பசை இளகிவிடும்.

விலை என்ன?

நான்கு மெட்டுகளை மாற்றிய கித்தார் ஒரே சட்ஜத்துக்குக் கட்டுப்பட்டது. கேப்போ மாட்டிச் சுருதியை உயர்த்த முடியாது. மாட்டினால் மாற்றிய மெட்டுகள் எல்லாம் தவறான ஸ்வரத்தில் போய் விழும். நண்பர்களோடு திரைப்பாட்டுக்குக் கார்டு பிடித்தால் பல கார்டுகள் புளிக்கும். வீட்டில் ஒரே கித்தார்தான் உண்டென்றால், அதை மாற்றுவது பிள்ளையின் பாதி மகிழ்ச்சியைப் பறிப்பதாகும்.

ஆர்மோனியத்தின் கதையையும் நினைத்துக்கொள்வது நல்லது. நம் இசைக்கு அது பொருந்தாது என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை தளர்ந்தது. அதற்குள் ஆர்மோனியம் பஜனை மடத்திலும் நாடக மேடையிலும் வேரூன்றிவிட்டது. ஜொகூரின் மலாய் கஸல் இசையில் இன்றும் ஆர்மோனியம், தபேலா, வயலின், காம்புஸ், கித்தார் எல்லாம் ஒன்றாக அமர்கின்றன. மெட்டே இல்லாத காம்புஸும் சமபடி மெட்டுள்ள கித்தாரும் ஒரே பாட்டுக்கு வாசிக்கின்றன. கேட்பவர்கள் சென்ட் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் வாசிப்பவரின் காது ஒவ்வொரு நொடியும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அந்தக் காதுதான் முதல் மேளம். அது கட்டப்படாமல் கித்தாரில் எத்தனை மெட்டுகளை மாற்றினாலும் பயனில்லை. பிள்ளை பாட்டு வகுப்பை விட்டுவிடாமல் போகட்டும். காந்தாரத்தைத் தொண்டையில் பிடிக்கட்டும். தம்புராவோடு கித்தாரை இழுத்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் அந்த ஒரு காந்தாரம் குத்துகிறது என்று பிள்ளையே சொன்னால், அப்போது 4ஆவது மெட்டை நான்கு மில்லிமீட்டர் நகர்த்தலாம்.

கித்தாரில் தோடி வருமா என்று கேட்ட பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: வரும். மெட்டிலிருந்து அல்ல, விரலிலிருந்து.